சாட்சி வைத்து விழுங்கும் மாத்திரை

போன மாதம் ஒரு சாயங்காலம். மருந்துக் கடையை இப்போது மகள்தான் பார்க்கிறாள். வீட்டில் பொழுது போகாமல் வந்து கல்லாப் பக்கம் உட்கார்ந்திருப்பது மட்டும் என் வேலை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் டாக்டர் சீட்டை நீட்டி ஓர் அட்டை நால்ட்ரெக்ஸோன் வாங்கினான். செல்போனை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்த்து வைத்தான். திரையில் ஒரு பெண் முகம். "அக்கா, பாத்துக்க" என்று நாக்கை நீட்டி மாத்திரையைக் காட்டினான். தண்ணீர் குடித்தான். மறுபடி வாயைத் திறந்து காட்டினான். "சரிடா, நாளைக்கும் இதே நேரம் கூப்பிடு" என்று அந்தப் பெண் சொன்னது எனக்கும் கேட்டது. அக்கா ஷார்ஜாவில் நர்ஸாம். கடையில் நாலு பேர் நின்றார்கள். யாரையும் பார்த்துக் கூசாமல் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான்.

அவன் போன பிறகும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. குடியை நிறுத்த மாத்திரை வாங்க வந்தவர்களை இதே தெருவில் ஒரு காலம் முழுக்கப் பார்த்தவன் நான். அவர்களெல்லாம் ஒவ்வொருவராக வந்து எதிரில் நின்றார்கள்.

கடை என் தாய்மாமாவுடையது. கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரம். மதுரைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனை. அதற்கு முன்பு அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. அவர் பெயர் எழுதிய ஆஸ்பத்திரிக்குள் ஈரல் வீங்கி, கண் மஞ்சளாகி வந்து படுத்தவர்களுக்கு மருந்து விற்றே நம் வீட்டில் அடுப்பெரிகிறது என்று மாமா சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். பிறகு சும்மா இருப்பார்.

நான் டி.பார்ம் முடித்துக் கடைக்கு வந்தபோது ஊரில் ஏலம் எடுத்தவர்கள் நடத்திய ஒயின்ஷாப்புகள்தான். டாஸ்மாக் 1983இலேயே தொடங்கியிருந்தாலும் சில்லறைக் கடைகளை அது கையில் எடுத்தது 2003 நவம்பரில்தான். எந்த ஆட்சியில் யார் விற்றாலும் எங்கள் கடைக்கு வந்த கூட்டத்தில் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை.

கடைக்கு மேல்மாடியில் ஒரு மனநல டாக்டர் இருந்தார். அந்த மாடிப்படி ஏறுவதற்கே ஜனங்கள் பயந்தார்கள். பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர் என்று பேர். அதனால் முதலில் வருவது மனைவிதான். முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு எங்கள் கடையில் ஏதோ தலைவலி மாத்திரை வாங்குவதுபோல் நின்று, தெருவில் தெரிந்த முகம் இல்லை என்று பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறுவார்கள். இரண்டு, மூன்று தடவை அப்படி வந்துபோன பிறகுதான் கூடவே கணவன் வருவான்.

டாக்டர் எடுத்தவுடன் குடியை நிறுத்தும் மாத்திரையை எழுத மாட்டார். குடித்துக்கொண்டே இருந்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும். அதற்குச் சில நாள் குளோர்டயாசிபாக்சைடு, தயமின் ஊசி. நடுக்கம் அடங்கி, ஈரல் பரிசோதனை முடிந்து, இருதயம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் டைசல்ஃபிராம் 250 மில்லிகிராம், காலையில் ஒன்று. எழுதுவதற்கு முன் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்து விளக்கிக் கையெழுத்து வாங்குவார். சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சீட்டும் கொடுப்பார். இவர் இன்ன மருந்து சாப்பிடுகிறார், மயங்கி விழுந்தால் இதைக் கவனிக்கவும் என்று அதில் இருக்கும்.

ஒருநாள் மழையில் கரண்ட் போய்விட்டது. டாக்டர் கீழே இறங்கி வந்து எங்களோடு டீ குடித்தார். அப்போதுதான் அந்த மாத்திரையின் கதையைச் சொன்னார். 1940களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்று இரண்டு பேர் அதை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகச் சோதித்தார்களாம். உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் தாங்களே விழுங்கினார்களாம். பிறகு வழக்கம்போல மது அருந்தியபோது முகம் சிவந்து, தலை வெடித்து, குமட்டி, நெஞ்சு படபடத்தது. உள்ளே போன சாராயம் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறுகிறது. அதை உடைத்துத் தள்ளும் நொதியை இந்த மாத்திரை கட்டிப்போட்டுவிடுகிறது. நஞ்சு தேங்கிவிடுகிறது. 1948இல் இதைப் பற்றி எழுதினார்கள். 1951இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கும் முன்னால் 1937இலேயே, ரப்பருக்கான ரசாயனங்களைக் கையாண்ட தொழிலாளர்களால் குடிக்க முடியவில்லை என்று அமெரிக்க ஆலை டாக்டர் ஒருவர் எழுதிவைத்திருந்தாராம்.

"நம்ம ராஜாஜி சேலத்துல கடைய மூடுன அதே வருஷம்" என்றார் டாக்டர்.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அது சரிங்க டாக்டர். முழுங்குனவன் குடிக்க மாட்டான். முழுங்காம விட்டுட்டான்னா?"

டாக்டரிடம் உடனே பதில் இல்லை. அந்தப் பதிலை நாங்கள் செல்லூர்த் தறிக்காரர் ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டோம்.

குழித்தறியில் உட்கார்ந்தால் விரல் பறக்கும் மனிதர் அவர். வாரக்கூலி வாங்கிய சனிக்கிழமை முதல் திங்கள் வரை குடி. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் வேகமாகக் கடைக்கு வந்தார். "என்னண்ணே மாத்திர குடுக்குறீக? தெனமும் என் கையால குடுக்குறேன். தெனமும் அவுகளும் முழுங்குறாக. நேத்து குடிச்சுட்டு வந்து கம்முனு தூங்குறாக. ஒன்னும் ஆகலயே!" என்று மாமாவிடம் சண்டை. மாமா அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். மாத்திரை நல்ல மாத்திரைதான். மறுவாரம் தறிக்குழியைச் சுத்தம் செய்தபோது அக்காவுக்கு விடை கிடைத்தது. நூல் பிசிறோடு ஒட்டிக்கொண்டு பாதி கரைந்த வெள்ளை மாத்திரைகள். கன்னத்தில் ஒதுக்கிவைத்துத் தறியில் போய் உட்கார்ந்ததும் துப்பியிருக்கிறார்.

டாக்டர் திட்டவில்லை. இரண்டு மாற்றம் சொன்னார். ஒன்று, மாத்திரையைத் தம்ளர் தண்ணீரில் நுணுக்கிக் கலக்கி இருவர் கண்முன்னாலும் குடிப்பது. மற்றது எங்களுக்கு விநோதமாக இருந்தது. "இனிமே நீங்களா குடுக்காதீங்கம்மா. அவர் வந்து கேக்கணும். கேட்டு வாங்கி உங்க முன்னால குடிக்கட்டும். குடிச்சதும் நீங்க நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் அன்னிக்குப் பூராவும் குடியைப் பத்தி நீங்க பேசக் கூடாது. வாயை மோந்து பாக்கக் கூடாது. சட்டைப்பையைத் துழாவக் கூடாது" என்றார். அக்காவுக்கு மற்றதெல்லாம் சம்மதம். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று எங்களிடம் வந்து சொன்னார்.

ஆனால் அது வேலை செய்தது. "காலைல ஏழு மணிக்கு இந்தா என் தண்ணியக் குடுன்னு அவுகளே கேக்குறாகண்ணே" என்று சொன்னபோது அக்கா முகத்தில் இருந்ததை மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற முகம். பல வருஷம் ஏமாந்த முகம் ஒரு வாரத்தில் தெளியாது.

மாமாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. இந்த மாத்திரையைக் கேட்டு எழுதினால் மொத்தக் கடையிலிருந்து வந்து சேர நாளாகும். அதனால் யார் எப்போது வாங்கினார்கள், அடுத்து எப்போது வருவார்கள் என்று குறித்துவைப்பார். சரக்குக் கணக்குக்காக எழுதிய நோட்டுதான். கொஞ்ச காலத்தில் அதில் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்கள் பங்குனி கடைசியில் காணாமல் போவார்கள். சித்திரைத் திருவிழா! அழகர் ஆற்றில் இறங்குவது எங்கள் கடைக்குப் பக்கத்தில்தானே. எதிர்சேவை, நீர்மோர்ப் பந்தல், ஊரிலிருந்து வந்திறங்கும் மச்சான், மாப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தால் புட்டி இல்லாமல் இருக்குமா? தீபாவளிக்கு முன்னாலும் நோட்டில் அதே ஓட்டை விழும்.

ஒருத்தர் என்னிடமே விரல்விட்டு எண்ணிக் காட்டினார். "பதினாலு நாள் விட்டம்னா மருந்து வேகம் எறங்கிரும்ணே. மச்சினன் கல்யாணம் வைகாசி பொறந்ததும் வருது. இன்னையோட நிறுத்துனா சரியா இருக்கும்." அந்தக் கணக்கு தப்பில்லை. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் இருக்கக்கூடும். அவ்வளவு முன்யோசனையோடு குடிக்கத் திட்டம் போடுகிறவருக்கு அதே முன்யோசனையோடு குடிக்காமல் இருக்கவும் முடியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நோட்டு விஷயத்தை மாமா டாக்டரிடம் சொன்னார். அதன் பிறகு பங்குனி பிறந்ததும் டாக்டர் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "இந்த வருஷம் திருவிழாவுக்கு யாரு யாரு வீட்டுக்கு வர்றாங்க? அவங்க முன்னாடி என்ன சொல்லப் போறீங்க?" மருந்துச் சீட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் வைத்தியத்தில் பாதி அந்தக் கேள்விதான்.

திருவிழாவுக்காக விட்டவர்களைவிட, குணமாகிவிட்டது என்று விட்டவர்கள் அதிகம். ஆறு மாதம் குடிக்கவில்லை, கன்னம் உப்பியிருக்கிறது, கடனில் கொஞ்சம் அடைந்திருக்கிறது. "அதான் நல்லாயிட்டேனே, இன்னும் எதுக்கு மாத்திர?" ஜுரத்துக்கு மருந்து சாப்பிட்ட பழக்கம் நமக்கு. ஜுரம் விட்டால் மருந்தை விடுவோம். இது அப்படியில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது. இன்னும் சிலர் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு விட்டார்கள். அந்த மாத்திரை ஆண்மையைக் கெடுத்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அப்படி ஏதும் இருந்தால் டாக்டரிடம் சொன்னால் அவர் அளவைக் குறைப்பார், வேறு மாற்றுவார். குடியே அதைக் கெடுக்கும் என்பதை மட்டும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

கார்த்திகை வந்தால் வேறு சிக்கல். மாலை போட்டுவிடுவார்கள். நாற்பத்தொரு நாள் கறி இல்லை, குடி இல்லை, செருப்பு இல்லை. மாத்திரையும் இல்லை. "சாமி காப்பாத்தும்போது மாத்திர எதுக்குங்க?" சாமி காப்பாற்றவும் செய்தார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம்தான் பிரச்சினை. டாக்டர் மாலைக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு குருசாமியைக் கூப்பிட்டுப் பேசினார். அந்தக் குருசாமி நல்ல மனிதர். காலைக் குளியல், சரணம் முடிந்ததும் "மாத்திர போடுற சாமி எல்லாம் முன்னால வாங்க" என்று கூப்பிட்டு, தன் முன்னாலேயே விழுங்கவைப்பார். மாலை கழற்றிய மறுநாளும் வரச் சொல்லிக் கூப்பிட்டாரே, அதுதான் பெரிய காரியம். பாண்டி கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்களிடமும் டாக்டர் அதையே சொல்வார். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

மாமா கறாராக மறுத்த ஒன்று உண்டு. மேலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்து மகனுக்காகக் கேட்டார். "அவனுக்குத் தெரியாம ரசத்துல கலந்து குடுத்துர்றேன் சாமி. சீட்டு கீட்டு இல்ல." பேருந்துகளில், சுவர்களில், வாரப் பத்திரிகைகளில் அப்படித்தானே விளம்பரம் வந்தது? குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கவைக்கலாம் என்று. மாமா தர மாட்டேன் என்றுவிட்டார். அந்த அம்மா அழுதுகொண்டே போனார். எனக்கே மாமாமேல் கோபம் வந்தது.

கொஞ்ச நாளில், வேறு எங்கோ மாத்திரை வாங்கி மாப்பிள்ளைக்கு மாவில் கலந்து கொடுத்த ஒரு குடும்பத்தின் கதை எங்கள் தெருவுக்கே தெரிந்தது. அவன் வழக்கம்போல் குவாட்டர் அடித்திருக்கிறான். முகம் ரத்தமாகச் சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கி, பேச்சுமூச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். என்ன சாப்பிட்டான் என்று டியூட்டி டாக்டர் கேட்கிறார். மனைவி பயத்தில் வாய் திறக்கவில்லை. அவனுக்கோ தெரியாது. பிழைத்துக்கொண்டான். இருதயம் பலவீனமாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். உண்மை தெரிந்த பிறகு அவன் அந்தப் பெண் கையால் காப்பிகூட வாங்கிக் குடிக்கவில்லையாம். குடியும் நிற்கவில்லை. ரசத்தில் கலக்கக் கேட்ட அம்மாவை மாமா திருப்பி அனுப்பியது எவ்வளவு சரி என்று அன்று புரிந்தது.

செல்லூர் அக்காவின் மூத்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம் வந்தது. பரமக்குடியில் சம்பந்தி வீடு. பெண்ணைக் கூட்டிவர முடியாத நிலைமை, அக்கா அங்கே போய் ஒரு மாதம் இருக்க வேண்டும். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார். "நான் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்கங்கண்ணே." மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குத் தறிக்காரர் வந்து வாசலில் நின்றார். மாமா செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து ஒரு பழக்கடைக்காரர். கொஞ்ச நாளில் காலையில் கடை வாசலில் நாலைந்து பேர் நிற்பது வழக்கமானது. ஒருத்தர் வராவிட்டால் மற்றவர்களே போய்ப் பார்த்துக் கூட்டிவருவார்கள். அவர்களுக்குள் கேலியும் நடக்கும். "இன்னைக்குத் தீர்த்தம் ஆச்சா?" என்பார்கள். கடைக்கும் அதில் வியாபாரம்தான் என்பதை மறைப்பானேன்?

பரமக்குடியிலிருந்து திரும்பிய அக்கா மாமாவிடம் சொன்ன வார்த்தையை நான் மறக்கவே இல்லை: "பிள்ள பெத்த வீட்டுல ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தேன். ஆனா அந்த ஒரு மாசம்தாண்ணே நான் நிம்மதியா தூங்குனேன்." காலையில் ஏழு மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கலக்குவது பெரிய வேலையா என்று நாங்கள் நினைத்திருந்தோம். குடிப்பானா, துப்புவானா, இன்றைக்குக் கேட்பானா என்று விடியும்போதே தொடங்கும் காவல் அது. அந்தக் காவலை ஒரே ஆள் தலையில், அதுவும் எப்போதும் பெண்டாட்டி தலையில், கட்டிவிடுகிறோம்.

பெண்களும் சிகிச்சைக்கு வந்தார்கள். சித்தாள் வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடம் போகும் மகன் எடுத்துக்கொண்டான். கெட்டிக்காரப் பையன். டாக்டர் அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பை அவனிடமிருந்து வாங்கி அவன் பெரியம்மாவிடம் கொடுத்தார். பிள்ளை அம்மாவுக்குக் காவல் நிற்கக் கூடாது என்றார்.

அந்தப் பரமக்குடிக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேத்தியைப் பார்க்கப் போன தறிக்காரருக்கு வயிற்றில் வாயு. சம்பந்தியம்மா பிரசவத்துக்கு வாங்கிவைத்திருந்த தசமூலாரிஷ்டத்தில் இரண்டு மூடி கொடுத்திருக்கிறார். சற்று நேரத்தில் மனிதருக்கு முகம் சிவந்து நெஞ்சு அடித்துக்கொண்டது. சம்பந்தி வீட்டில் வந்து குடித்துவிட்டார் என்று அக்கா தலையில் அடித்துக்கொள்ள, அவர் பேத்திமேல் சத்தியம் பண்ண, பெரிய கலாட்டா. அரிஷ்டம் புளித்துத் தானாகவே ஆல்கஹால் ஊறும் மருந்து. புட்டியிலேயே அது எழுதியிருக்கும். அதற்குப் பிறகு நாங்கள் இந்த மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் அரிஷ்டம், சில இருமல் டானிக்குகள், சவரத்துக்குப் பின் தடவும் லோஷன் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தோம். கொரோனாக் காலத்தில் அந்தப் பட்டியலில் கை கழுவும் சானிடைசரும் சேர்ந்தது. உங்களுக்கு சோப்பு போதும் என்று மகள் சொல்லி அனுப்புவாள்.

மகள் மருந்தியல் படித்தபோது ஒரு விடுமுறையில் இந்த மாத்திரை பற்றிய ஆய்வுகளை எனக்குப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு, 1986இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு 250 மில்லிகிராம், ஒரு பகுதியினருக்குப் பேருக்கு 1 மில்லிகிராம், மற்றவர்களுக்கு அந்த மருந்தே இல்லை. ஒரு வருஷம் முழுக்கக் குடிக்காமல் இருந்ததில் மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். நான் திகைத்துப்போனேன். அடுத்ததையும் கேளுங்கப்பா என்றாள். எந்தக் கூட்டமானாலும், கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் குடிக்காமலும் இருந்தார்கள். அப்படி ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். 2004இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்றையும் காட்டினாள். 100 ஆண்கள், எல்லோருக்கும் வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் உண்டு. ஒரு வருஷ முடிவில் டைசல்ஃபிராம் சாப்பிட்டவர்களில் 86 சதவீதம் பேரும், நால்ட்ரெக்ஸோன் சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேரும் குடிக்காமல் இருந்தார்கள். வீட்டு ஆள் கூட இருந்தால் அதே மாத்திரை வேறு மாதிரி வேலை செய்கிறது. மாமாவின் நாற்பது பக்க நோட்டை இவர்கள் பெரிதாக எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதை நம் ஊரில் பெரிதாகச் செய்துகாட்டியவர் சாந்தி ரங்கநாதன். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த அவர், கணவர் பெயரிலேயே 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். குடித்தவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பாமல் மனைவியையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள் என்று ஆச்சரியமாகச் சொல்வார்கள். குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டு, ஊரையே துணைக்குச் சேர்த்தார்கள். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது மருந்துகளும் கூடிவிட்டன. நால்ட்ரெக்ஸோன் குடியில் வரும் கிறக்கத்தைக் குறைக்கிறது, ஆசையைத் தணிக்கிறது. குடித்தாலும் வாந்தி, படபடப்பு வராது. அதனாலேயே "ஒன்னும் பண்ணலயே" என்று பாதியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலையும் கூடுதல். அகாம்ப்ரோசேட் இன்னொன்று. வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, ஆக ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. காலையும் ராத்திரியும் வீட்டில் போட்டுவிடுவார்கள். மதிய மாத்திரைதான் தவறும். ஓர் ஆட்டோக்காரர் ஸ்டாண்டில் கூட நிற்கிறவர்களிடமே சொல்லிவைத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது யாராவது ஒருத்தர் "மாத்திர எங்கப்பா?" என்று கேட்டுவிடுகிறார்களாம். வெட்கப்பட்டு மறைத்த காலத்தில் இது நடந்திருக்காது.

செல்லூர்த் தறிக்காரருக்கு எல்லாம் நேராகவே போய்விடவில்லை. அண்ணன் செத்த வீட்டில் ஆரம்பித்து, மாத்திரையை விட்டு, சில மாதம் பழைய ஆளாகவே திரிந்தார். பிறகு ஒருநாள் காலை தனியாக வந்து கடை வாசலில் நின்றார். மாமா வேறு ஒன்றும் கேட்கவில்லை. "எப்பக் குடிச்சது?" என்று மட்டும் கேட்டார். நேற்று ராத்திரி என்றதும், இன்றைக்கு மாத்திரை கிடையாது, மேலே போய் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார். டாக்டரும் திட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கைத்தறி போய்ப் பவர்லூம் வந்தது, அவர் ஒரு மில்லில் வாட்ச்மேனாகி வயதாகித்தான் இறந்தார். குடியால் இறக்கவில்லை. மாமாவும் இப்போது இல்லை. மாடி டாக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை பேரைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்த மாத்திரை தனியாக யாரையும் திருத்தியதை நான் பார்க்கவில்லை. சம்மதித்து, கேட்டு வாங்கி, ஒருவர் முன்னால் விழுங்கியவர்கள் பலர் பிழைத்தார்கள். அந்த ஒருவர் எப்போதும் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணன், அக்கா, கூட வேலை செய்கிறவர், மருந்துக் கடைக்காரர், கடல் தாண்டி இருக்கும் ஒரு நர்ஸ், யாராக இருந்தாலும் சரி.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ ஒருவர் இந்தச் சிகிச்சையில் இருந்தால் அவருக்குத் தெரியாமல் எதையும் கலந்து கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்த நினைக்கிறார் என்றால், குடிக்கப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் போய் நின்று, அந்த வீட்டுப் பெண்ணைக் காவலிலிருந்து விடுவியுங்கள். ஒருநாள் அவர் குடித்துவிட்டு வந்தால் சண்டை போடாதீர்கள், அன்று அந்த மாத்திரையையும் கொடுக்காதீர்கள். விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.